விழும் காய்கள், கவனம்

காசல்மெய்ன் நடுவழி என்று
வக்கீல் கடிதத்தில் இருந்தது.
நடுவழியில்லை.
பெண்டிகோவிலிருந்து அவளுக்கு நாற்பது கிலோமீட்டர்,
டாண்டினோங்கிலிருந்து எனக்கு நூற்றைம்பது.
நான் அதைக் கிளறவில்லை.
மாதத்தில் இரண்டு சனி, காலை பத்து மணி,
பழைய பூந்தோட்டத்தின் இரும்புக் கேற்றடி.

இன்றைக்கும் முந்தி வந்துவிட்டேன்.
பெப்ரவரி. புல் சாக்கு நிறத்தில் கிடக்கிறது.
நுழைவாசல் பலகையை ஏழாம் தடவை வாசிக்கிறேன்:
தங்கம் தேடி வந்தவர்களைப் பற்றி மூன்று வரி,
வாத்துகளுக்குப் பாண் போடாதீர்கள் என்று ஐந்து வரி.

ஓக் மரத்தடியில் ஒரு தகடு.
பெயர், குடும்பம், சொந்த நாடு, நட்ட ஆண்டு.
நான்கு வரிக்குள் ஒரு மரம் முடிந்துவிடுகிறது.
நாங்கள் நிரப்பியது பதினேழு பக்கம்.
அதில் 'பிரிந்த தேதி' என்றொரு கட்டம்.
இரண்டு பேரும் வெவ்வேறு தேதி எழுதியிருந்தோம்.
அவள் மார்ச். நான் ஆகஸ்ட்.

அந்த ஐந்து மாதமும்
சேர்ந்து இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு
வேலைக்குப் போய் வந்திருக்கிறேன்.
பிரிட்ஜில் என் பங்குச் சோறு
மூடி வைக்கப்பட்டிருந்தது, அதனால்.

பன்யா மரத்தைச் சுற்றி மஞ்சள் நாடா.
காய் ஒன்று ஏழெட்டுக் கிலோ வருமாம்,
எப்போது விழும் என்று மரத்துக்கே தெரியாதாம்.
சொன்னவள் தள்ளுவண்டியோடு நின்ற தோட்டக்காரி,
மெரிடித் என்று சட்டையில் தைத்திருந்தது.
காய்க்காத வருடத்திலும் நாடா கட்டுவீர்களா என்று கேட்டேன்.
ஓக் இலைகளை வாரிக்கொண்டே
"கழற்ற நேரம் கிடைப்பதில்லை" என்றாள்.

வெள்ளைக் கொரோலா வந்து நின்றது.
"இருமல் மருந்து வெளிப் பைக்குள்ள."
"ஓம்."
"நாளைக்கு அஞ்சு மணி."
"ஓம்."
பதினொரு வருடம் சண்டை போட்ட தமிழ்
இப்போது ஒரு தகட்டில் அடங்கும்.

துளசிகா என் காரைப் பார்க்கவேயில்லை.
குளத்தைத் தாண்டி நேராக ஓடினாள்,
வேலியோரத்துப் பெயரில்லாத புதரிடம்.
போன தடவை அவள் குத்திவிட்டுப் போன
ஐஸ்குச்சி இன்னும் அங்கேயே நிற்கிறது.
ஊதா ஃபெல்ட் பேனா மழையில் ஊறி வெளிறியிருக்கிறது.
தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமை,
மாதத்தில் இரண்டு அவளுக்குத் தவறிவிடும்.
ஆகவே புள்ளிகள் எதுவுமில்லை:

பெயர: தெரியாது
குடுமபம: இருககு

நட்ட ஆண்டு எழுத குச்சியில் இடம் போதவில்லை.
புதுக் குச்சியொன்றைக் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்தாள்.
"இதுக்கு எந்த நாடு அப்பா?"
எனக்குத் தெரியாது என்றேன்.
"தெரியாது எண்டே எத்தினை தரம் எழுதிறது"
என்று அலுத்துக்கொண்டு
பேனாவைப் பல்லால் திறந்தாள்.
மெரிடித்திடம் கேட்டு வருகிறேன் என்று
நான் பன்யாப் பக்கம் நடந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.
மேலே எங்கேயோ கிளை முறிந்து,
பிறகு நிலம் ஒரு தடவை இருமியதுபோல.
வாத்துகள் மொத்தமாக எழும்பின.

நான் மரத்தை நோக்கி ஓடினேன்.
அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்தும் ஓடினேன்.
எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருத்தி ஓடி வந்தாள்,
ஒரு காலில் செருப்பில்லை,
கையில் கார்ச் சாவி.
போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.
இருபது நிமிடமாக மரங்களுக்குப் பின்னால்
எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்திருக்கிறாள்.

மஞ்சள் நாடாவுக்கு அந்தப் பக்கம் அவள்,
இந்தப் பக்கம் நான்.
நடுவில் காய்,
பச்சையாக, ஒரு பக்கம் பிளந்து,
பிசின் கசிந்தபடி.
இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.
பிரசாந்தினி ஏதோ சொல்ல வாய் திறந்தாள்,
நானும் திறந்தேன்.

"அம்மா, நீங்கள் இன்னும் போகேல்லையோ?"
வேலியோரத்திலிருந்து குரல்.
தலை நிமிரவில்லை,
எழுதிக்கொண்டிருந்தாள்.