வண்டி போன இடம்

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குத்
தீயணைப்புக் கொட்டகையின் பக்கக் கதவு திறக்கும்.
சிவப்பு வண்டிக்கும் தகரச் சுவருக்கும் நடுவே
இரண்டு பாய் அகலம்.
நியூசிலாந்தின் தெற்குக் கோடியில்
எங்கள் பள்ளத்தாக்கின் மழலைக்கூடம் அவ்வளவுதான்.

பிள்ளைகள் ஏழு.
பக்கத்து வீட்டுக்குப் போவதென்றால் இங்கே
நாலு பண்ணைக் கதவுகளைத் திறந்து, மூடி,
மறுபடி திறந்து, மூடிப் போவது.
அதனால் முதல் வாரங்களில்
இன்னொரு குழந்தையைக் கண்டால்
புதிதாய்ப் பிறந்த கன்றைப் பார்ப்பதுபோல்
காதைப் பிடித்துப் பார்த்தன.

நடத்துபவள் டெஸ்மா.
தலைக்கவசம் மாட்டினால்
வண்டி ஓட்டுபவளும் அவளே.

நான் பால் டாங்கர்காரன்.
அன்று ஹீட்டரைச் சரிசெய்ய வந்தவன்,
வாயில் ஒரு திருகாணியோடு.

செப்டம்பர். வெளியே ஆலங்கட்டி.
உள்ளே ஒரே ஒரு மூன்று சக்கர சைக்கிள்,
அதன் மேல் ஹூனியின் உடும்புப்பிடி.
ஃபர்ன் அழுகிறாள்.
இசாகனி ஒரு மூலையில்
வண்டியின் டயரைத் தடவிக்கொண்டு.
மணிலாவிலிருந்து வந்து எட்டு மாதம்.
அப்பா, அம்மா இருவரும் பால் பண்ணையில்.
பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல
வாயைத் திறந்ததில்லை.
'தண்ணீர் சொல்லு, தண்ணீர்' என்று
டம்ளரை உயர்த்திப் பிடித்துக்
கை வலித்ததுதான் டெஸ்மாவுக்கு மிச்சம்.

அப்போது சைரன்.

மக்காரா வீட்டில் புகைபோக்கி பற்றிக்கொண்டதாம்.
டெஸ்மா, ஹூனியின் அம்மா,
ஃபர்னின் அப்பா, மூவரும்
காலணிக்குள் குதித்தார்கள்.
'பார்த்துக்கோ' என்றாள் டெஸ்மா.
எப்படி என்று கேட்பதற்குள்
பெரிய கதவு மேலேற,
வண்டி போய்விட்டது.

நான். ஏழு பேர்.
திருகாணியைப் பையில் போட்டேன்.
தலைகளை எண்ணினேன்.
ஆறு வந்தது.
மறுபடி எண்ணினேன். ஏழு.

கதவை இறக்கியதும்
வண்டி நின்ற இடம் வெறுமையாய்க் கிடந்தது,
நடுவில் ஒரு எண்ணெய்க் கறை.
இத்தனை பெரிய தரையை
அவர்கள் பார்த்ததே இல்லை.
ஹூனிகூட சைக்கிளை விட்டுவிட்டான்.
யாரும் கோட்டைத் தாண்டவில்லை.

முதலில் போனவன் இசாகனி.
கறையின் மேல் நின்றான்.
கூரையைப் பார்த்து
'ஊ' என்றான்.
கூரையும் 'ஊ' என்றது.

சிரித்தான்.
பிறகு, யாரிடமும் கேட்காமல்,
'உலித்!' என்றான்.
'லித்' என்றது தகரம்.

அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.
கறையிலிருந்து சுவருக்கு ஓட்டம்,
சுவரைத் தொட்டால் 'உலித்',
திரும்பி ஓட்டம்.
விழுந்தவளும் 'உலித்',
தூக்கிவிட்டவனும் 'உலித்'.
வரிசையில் நில்லுங்கள் என்று
நான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.
தாமாகவே நின்றார்கள்.
கால் நிமிடம்.
பிறகு இசாகனி ஹூனியைக் கடித்தான்.
நான் பல் தடத்தைக் கழுவினேன்,
இருவருக்கும் பிஸ்கட் கொடுத்தேன்,
அது சரியா என்று எனக்குத் தெரியாது.

முதலில் வந்தது அவன் அம்மா லிக்காயா.
கன்றுப்பால் காய்ந்த மேலங்கி,
கையில் சாவி.
கதவருகே அப்படியே நின்றுவிட்டாள்.
உள்ளே ஏழு குழந்தைகள்
அவள் மொழியில் கத்திக்கொண்டிருந்தன.

'என்ன அர்த்தம்?' என்றேன்.
'இன்னொருக்கா' என்றாள்.
நான் மறுபடி கேட்டேன்,
'இல்லை, என்ன அர்த்தம்?'
அவள் சிரித்தாள், பிறகு
மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டி திரும்பி வந்து ஆரன் அடித்தது.
பிள்ளைகள் இடத்தை விடவில்லை.
டெஸ்மா இறங்கி, கரி முகத்தோடு,
கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.
ஐந்து நிமிடம் தண்ணீர் வண்டி
மழையில் நனைந்துகொண்டு நின்றது.

ஹீட்டர் இன்னும் சரியாகவில்லை.
அடுத்த செவ்வாயும் போனேன்.
வண்டி வெளியே நின்றிருந்தது,
தார்ப்பாய் போர்த்தி.