எடைக் குறைவு

பதினோரு வருஷம் கினோவா ஏற்றியவன் நான்.
சலினாஸிலிருந்து சல்லபாட்டா வரைக்கும்
உப்புவெளி ஓரமாய் மண் ரோட்டில்,
மூட்டைக்கு நாற்பத்தாறு கிலோ.
எண்ணி ஏற்றுவேன், எண்ணி இறக்குவேன்.
தின்றதில்லை.

விலை ஏறிய வருஷங்களில்
விளைவித்தவர்களே விற்றுவிட்டுச்
சேமியா வாங்கிப் போனார்கள்.
திரும்புகாலில் அந்தப் பெட்டிகளும்
என் லாரியில்தான்.

ஆகஸ்டில் ஒரு மறியல்.
வளைவில் பாறாங்கல், எரியும் டயர்.
பின்னால் மூன்று பஸ், ஒரு மெத்தை லாரி.
எதற்கான மறியல் என்று முதல் நாள் கேட்டோம்,
இரண்டாம் நாள் திட்டினோம்,
மூன்றாம் நாள் ரொட்டி தீர்ந்துவிட்டது.

"உன் வண்டியில் என்ன?"
பஸ்ஸிலிருந்து இறங்கிய ஸெனோபியா கேட்டாள்.
சொன்னேன்.
வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு
நெய்க்கு அலைகிறவனை எப்படிப் பார்ப்பார்களோ
அப்படிப் பார்த்தார்கள் எல்லாரும்.

தார்ப்பாயை அவிழ்த்தேன். மூட்டையைக் கிழித்தேன்.
மெத்தைக்காரனின் பானை, ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர்.
வெந்ததும் ஆளுக்கொரு வாய்.
தூ!
சோப்பைக் கடித்தது போல்.
ஒரு குழந்தை அழாமல் நாக்கைச் சட்டையில் துடைத்தது.

கல்லுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு.
தடியோடு ஒருத்தி தாண்டி வந்தாள்.
பஸிலியா என்று பின்னால்தான் தெரியும்.
பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.
"குருவி தின்னாமலிருக்க
அது போட்டுக்கொண்ட சட்டை.
கழற்றாமலா தின்பீர்கள்?"

தடியைக் கீழே போட்டாள்.
வாய்க்காலில் உறைந்த பனியை உடைத்து உருக்கினோம்.
இரண்டு உள்ளங்கைக்கு நடுவில்
தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள்.
நுரை பொங்கியது, துணி துவைக்கிற மாதிரி.
கொட்டினாள்.
மறுபடி நுரை. மறுபடி கொட்டல்.
தண்ணீருக்குத் திண்டாடும் எங்களுக்கு
ஒவ்வொரு கொட்டலும் நெஞ்சில்.
ஏழாவது தண்ணீர் தெளிந்து நின்றது.
அதில் வானம் தெரிந்தது,
என் தாடியும்.

இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்,
சோறு மெதுவாய் வேகும்.
காத்திருந்தோம்.
ஒவ்வொரு மணியும் கண்ணாடியாகி
ஓரத்தில் வெள்ளை இழையாய்
ஒரு வாலை அவிழ்த்துவிட்டது.
வைக்கோல் நனைந்த வாசனை,
கொஞ்சம் வேர்க்கடலை.
யாரோ பாலாடைக்கட்டி கொடுத்தார்கள்.
உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

கல்லின் இரண்டு பக்கமும் தின்றோம்.
மறியல் தீர்ந்துவிடவில்லை,
தடி மட்டும் படுத்திருந்தது.

சேமியா தின்றால் இரண்டு மணி நேரத்தில்
வயிறு கதவைத் தட்டும் எனக்கு.
அன்று பொழுது சாயும் வரை
தட்டவே இல்லை.
ஸெனோபியாவிடம் சொன்னேன்.
"புரதம், இரும்பு, நார்" என்றாள் சட்டென்று.
"சுகாதார நிலையச் சுவரில் போஸ்டர் இருக்கிறது.
ஒட்டியது நான்தான்."
பாத்திரத்தை வழித்தபடி, மெதுவாக:
"நானும் இன்றைக்குத்தான்."

ஐந்தாம் நாள் வழி விட்டார்கள்.
எடைமேடையில் பத்தொன்பது கிலோ குறைந்தது.
முதலாளி குமர்சிந்தோ
முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
என் வயிற்றைப் பார்த்தார்.
பணத்தை எண்ணி வைத்தேன்.
பதினோரு வருஷத்தில்
நான் காசு கொடுத்து வாங்கிய முதல் கினோவா,
வாங்கும்போது கையில் இல்லை.

இப்போது ஒருரோவில், வாரத்துக்கு அரைக் கிலோ.
உருளைக்கிழங்கோடு ஒரு நாள், முட்டையோடு ஒரு நாள்,
அடிபிடித்துப்போனால் அப்படியே.
பண்டிகை இல்லை, மருந்தும் இல்லை.
"மறுபடி அதா?" என்பாள் நில்டா, தட்டை நீட்டிக்கொண்டே.

கழுவுவது என் வேலை.
விடிகாலைக் குளிரில் குழாயடியில்
விரல் மரத்துப்போகும்.
சில நாள் ஆறாவது தண்ணீரோடு நிறுத்திவிடுவேன்.
ஒரு வாய் வைத்ததும்
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
என்னைப் பார்ப்பாள்.