ஜன்னலை ஒரு விரற்கடை

முப்பத்து நான்கு.
கழித்தல் குறியை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை,
ஜனவரியில் அது சொல்லாமலே விளங்கும்.
வேனின் பின்கதவு உறைந்து ஒட்டிக்கொண்டது.
ஃபிளாஸ்க் காப்பியைக் கீலில் ஊற்றித் திறந்தேன்.
உள்ளே வார்ப்பிரும்புக் கணப்பு, இருநூறு கிலோ,
இறக்க நானும் மைத்துனன் ஆர்வோவும் ஒரு சறுக்குப் பலகையும்.

ஒடீல் கேட்டது கேஸ் கணப்பு.
பொத்தானை அழுத்தினால் நீலச் சுடர்,
அள்ளச் சாம்பல் கிடையாது, பிளக்க விறகு கிடையாது.
ஆனால் ஹெர்ஸ்ட் ஊரின் கேஸ் குழாய்
மரமில் சாலை முனையோடு நின்றுவிடுகிறது.
அங்கிருந்து வாசல்வரை இழுக்கக் கம்பெனி சொன்ன தொகையைக் கேட்டு
கிஸ்லேன் மூன்று நாள் சிரித்தானாம்.
அவள் சிரிக்கவில்லை.

வீட்டைச் சுற்றிக் காட்டினான்.
பதினைந்து குளிர்காலமாக இடுக்கு இடுக்காக அடைத்த வீடு.
கதவடியில் ரப்பர், ப்ளக் பாயிண்டுக்குப் பின்னால் நுரை,
ஜன்னல்மேல் பிளாஸ்டிக் தாள்,
ஹேர்டிரையரால் சூடு காட்டி
மத்தளத் தோல்போல இழுத்துக் கட்டியது.
"எறும்புகூட நுழையாது" என்றான்.
இந்த ஊரில் எறும்பு எட்டு மாதம் தலைகாட்டாது என்பதை
நான் சொல்லவில்லை.

தூக்குக்குண்டு தொங்கவிட்டு, குறித்து,
சட்டத்துக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே
இரண்டு அங்குலம் வெறுமை விட்டு
கூரையை வட்டமாக அறுத்தோம்.
வட்டம் விழுந்தது.
வரவேற்பறை நடுவே ஒரு வானம்.
ஒடீல் அண்ணாந்து நின்றாள்,
மூக்குக்கண்ணாடியில் பனித்தூள் விழ விழத் துடைக்காமல்.
"இங்கேயா இருந்தாய்" என்றாள்,
யாரிடம் என்று தெரியவில்லை.
கிஸ்லேன் போர்வையோடு ஓடி வந்தான்,
ஓட்டைக்கு அல்ல,
தெர்மோஸ்டாட்டைப் போர்த்த.
குளிர் அதன் காதில் விழக்கூடாதாம்.

நாலு மணிக்கே இருட்டு.
பிர்ச் பட்டை, பழைய வரிக் காகிதங்கள், சிலாம்புகள்.
தீக்குச்சி கிழித்தேன்.

புகை ஏறவில்லை.
குழாய்க்குள் குளிர்காற்று
கிணற்றுத் தண்ணீர்போல நின்றிருந்தது.
அடுப்பு வாய் வழியே, எங்கள் முகத்துக்கு நேரே,
எல்லாம் திரும்பி வந்தது.
அலாரம் அலறியது. நாய் மேசைக்கு அடியில்.
"விசிறியைப் போடு!" என்று கத்தினான் கிஸ்லேன்.
சமையலறை விசிறி ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது,
ஓட ஓட, புகையை அதுதான் கீழே இழுத்தது.

"ஒரு ஜன்னலைத் திற. விரற்கடை போதும்."
"முப்பத்து நான்கு, வெய்க்கோ!"
"தீ மூச்சு விடுவது மேலே. மூச்சு வாங்க
நீ இங்கே எதையும் மிச்சம் வைக்கவில்லை."
"அடைத்தது நான்."
"தெரிகிறது."

ஒடீல் விசிறியை நிறுத்தினாள்.
காய்கறிக் கத்தியை எடுத்தாள்.
தாள் கிழிந்த சத்தம்
நாய்க்குக்கூடப் பிடித்திருந்தது.
சட்டம் அசையவில்லை. உள்ளங்கையால் ஒன்று, இரண்டு,
மூன்றாவது அடியில் திறந்தது.

குளிர் வந்தது,
யாரையும் விசாரிக்காமல், தரையோடு தரையாக,
வட்டிக்காரன்போல நேரே அடுப்புக்கு.
குழாய் தொண்டையைச் செருமியது.
பிறகு தீ எழுந்து நின்றது.

யாரும் பேசவில்லை. இருமினோம்.
இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே
ஏதோ ஓர் ஆகஸ்டில் செத்த ஈ.
கிஸ்லேன் அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பி
"இது எப்படி நுழைந்தது?" என்று கேட்டான்.
உண்மையாகவே கேட்டான்.

ரசீதின் கீழே எழுதினேன்:
வெளிக்காற்றுக் குழாய், நாலு அங்குலம், அடுத்த வாரம்.
கையெழுத்துப் போட்டான், கொஞ்சம் அழுத்தியே.

வேனைக் கிளப்பி, முகப்புக் கண்ணாடியைச் சுரண்டி,
திரும்பிப் பார்த்தேன்.
புகை காற்றில்லாத இரவில் குச்சி நட்டதுபோல நின்றது.
ஜன்னலை மூடவில்லை.
பற்றும்வரைதான் திறக்கச் சொல்லியிருந்தேன்.
அந்த விரற்கடை வெளிச்சத்தில்
பின்னல் சட்டை போட்ட ஒரு முழங்கை தெரிந்தது,
சட்டத்தின்மேல், நகராமல்.