கையளித்தவன்

பார்லி அறுப்புக்கு முந்திய மாதம் வந்த எழுத்தன்
எல்லாவற்றையும் எண்ணினான்.
வெண்கல விளக்கு ஆறு.
ஏழைகளுக்கென்று வைத்திருந்த கம்பளிச் சட்டை பதினொன்று.
ஒலிவ எண்ணெய் அரைச் சாடி;
அதை முகர்ந்தும் பார்த்தான்.
பிறகு நிமிர்ந்து கேட்டான்:
"புத்தகங்கள் எங்கே?"

என் பெயர் பொன்கார்த். நுமீடியாவின் மலைச்சரிவில்
ஒரு சிறு சபைக்கு வாசகன்.
புத்தகங்கள் என் வீட்டில்தான் இருந்தன,
தானிய மூட்டைகளுக்குப் பின்னால்,
பூச்சிக்குப் பயந்து தேவதாரு எண்ணெய் தடவி.

எது திருநூல், எது வெறும் நல்ல நூல் என்று
அதுவரை யாரும் எங்களுக்குக் கோடு கிழித்துத் தரவில்லை.
எதை எடுத்தால் கிழவர்கள் இருமலை அடக்கினார்களோ
அது திருநூல்.
எதை வாசித்தால் ஆயர் பாரிக் தொண்டையைச் செருமுவாரோ
அதை அடுத்த ஞாயிறு எடுக்க மாட்டேன்.
அவ்வளவுதான் எங்கள் இறையியல்.

ஈட்டிக் காம்பு கதவைத் தட்டும் நேரத்தில்
ஒரு மனிதன் எத்தனை பக்கம் யோசிக்க முடியும்?
இருந்தவற்றில் மெலிந்ததை எடுத்தேன்.
ஓரம் நைந்த ஆட்டுத்தோல் உறை.
ஆண்டவர் ஓர் ஊரில் தொலைந்துபோய்
ஒரு மீன்காரியிடம் வழி கேட்கும் கதை அதில் இருந்தது.
சபையில் அபூர்வமாகத்தான் வாசிப்போம்.
இரவில், தனியாக, உதடு அசையாமல்
நான் வாசித்தது அதை மட்டுமே.

கொடுத்தேன்.
மற்றவை மூட்டைக்குப் பின்னால் மூச்சுவிடாமல் இருந்தன.
சந்தையில் எரித்தார்கள்.
தோல் எரியும் வாடைக்கு நாய்கள் வந்தன.

பிறகு அமைதி வந்தது, அமைதியோடு வழக்கும்:
எவன் கொடுத்தான், எவன் மறைத்தான்.
'கையளித்தவன்' என்ற சொல்
ரொட்டி வாங்கப் போனாலும் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.
நான் வாசிக்க எழுந்தால்
மொன்னுலா முக்காட்டை இழுத்துக் காதை மூடுவாள்.

இருபத்தாறாம் வருடம்
கடற்கரைப் பட்டணத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது:
சபையில் வாசிக்கத் தக்கவை இவை மட்டுமே.
நான்தான் உரக்க வாசித்தேன், வாசகன் அல்லவா.
பெயர் பெயராக.
மெலிந்தது அதில் இல்லை.

புது ஆயர் என்னைக் கட்டிக்கொண்டார்.
"நீர் கொடுத்தது திருநூலே அல்ல, பொன்கார்த்.
உம்மேல் குற்றமில்லை."
அன்று மாலை மொன்னுலா அத்திப்பழம் கொண்டுவந்தாள்.

பழம் இனித்தது; பொய் சொல்ல மாட்டேன்.
பட்டியல் தப்பு என்றும் சொல்ல மாட்டேன்.
அதில் இருப்பவை இருக்க வேண்டியவை,
அவற்றின் முன் நானும் இருமலை அடக்கியவன்.

ஆனால் கொடுத்த அன்று பட்டியல் இல்லை.
கொடுத்தது எதுவென்று என் கைக்குத் தெரியும்.

இப்போது கண் மங்கிவிட்டது,
மனப்பாடமாகத்தான் வாசிக்கிறேன்.
சில ஞாயிறுகளில்
ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
செதில் ஒட்டிய கையை நீட்டி
மீன்காரி வழி காட்டத் தொடங்குகிறாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு
அடுத்த வரிக்குப் போகிறேன்.