ஒலியைக் குறைத்தபின்

மகன் உறங்குகிறான்.
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன்
ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை,
அக்கா கைபேசியில் நடுங்க நடுங்கப் பிடித்தது.

எண்பத்தொன்பதாவது நிமிடம்.
ரயில்வே அணியின் பொடியன் ஓடுகிறான்.
சுரங்க அணியின் நெட்டையன் டெமெட்ரியோ
குறுக்கே வருகிறான்.
பொடியன் விழுகிறான்.
இருவருக்கும் நடுவே
உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம்.
யாரும் யாரையும் தொடவில்லை.

கூட்டுகிறேன், ஒரே ஒரு கோடு.
ஓருரோவில் காற்றுதான் மெலிசு,
சத்தம் கனம்.
நாலாயிரம் தொண்டைகள் ஒன்றாய்த் திறக்க
அந்த வெளிச்சம் மூடிக்கொள்கிறது.
இப்போது இடறிவிட்டான்.
பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.
குறைத்தால் தொடவில்லை,
கூட்டினால் தொட்டான்.
பதினோரு முறை.

இத்தனை வருட விசிலில்
ஒருவர் காசும் என் கையில் பட்டதில்லை.
வாசலில் வைத்துவிட்டுப் போன உருளைக்கிழங்கு மூட்டையை
நானே தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டுபோய்த்
திருப்பிக் கொடுத்தவள்.
காதுக்கும் லஞ்சம் கொடுக்கலாமென்று
எவரும் சொல்லவில்லை.
கொடுத்தவர்களுக்கே தெரியாது.

குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன்.
இந்த வருடம் நான் அட்டை காட்டியவர்கள்:
நெட்டை, நெட்டை, ஒரு குட்டை,
நெட்டை.
வலமிருந்து இடம் பாய்ந்தவர்கள் அதிகம்.
எழுத்து போகும் பக்கம் ஓடுபவனோடு
கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது போலும்.
எதிர்த்து வருபவன் தட்டுப்படுகிறான்,
தப்பாகவே.
தற்செயல் என்று மூடினேன்.
மறுபடி திறந்தேன்.

திங்கள்.
தகரத் தாது நிறுக்கும் கடை, அதுதான் பிழைப்பு.
காலையில் முதல் வேலை
வெறுந்தட்டோடு முள்ளைப் பார்ப்பது.
இரவுக் குளிரில் ஒரு மயிரிழை
தானாகச் சாய்ந்திருக்கும்.
திருகி நிமிர்த்துவேன்.
முள்ளுக்கு அதில் அவமானமில்லை.

டெமெட்ரியோ வந்தான், தோளில் மூட்டை.
கோக்கா இலை அதக்கிய கன்னம்.
பெனால்டி பற்றி ஒரு சொல் இல்லை.
நிறுத்தேன், இறக்கினேன்,
திரும்பவும் ஏற்றினேன்.
“என்ன தோன்யா நில்டா, தராசில் நம்பிக்கை இல்லையா?”
“தராசில் இருக்கிறது” என்றேன்.

ரசீதில் கையெழுத்துப் போட
என் பக்கம் வந்து நின்றான்.
என்னைவிட
இரண்டு விரல்தான் உயரம்.