நாலு இலக்கம்

மண்டூரில் ஏழு மணிப் பாதை ஏறி
குருமண்வெளியில் இறங்கி
களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு முன்னால் நான்
ஷட்டரை அரைவாசி தூக்கும்போதே
வந்து நின்றார் மூத்ததம்பி.
சாரத்து மடியில் ஒரு போன்.
உறையில் பூனைப்படம். அவருடையதில்லை.

"இதுக்குள்ள போறது எப்பிடி, தம்பி?"

ஆயிரத்து ஐந்நூறு என்றேன்.
முதலில் விலையைத்தான் சொன்னேன், மறைக்கவில்லை.
கரண்டுக்குச் சிவப்பு நோட்டீஸ் வந்திருந்த மாதம்.

மறுகாதான் கேட்டேன், ஆருடைய போன்?
மகளுடையது. டிலுக்சிகா.
ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
உறங்குகிறாள். எழும்ப இரண்டு மணியாகும்.
அதற்குள் தலையணைக்குக் கீழே திரும்ப வைக்க வேண்டும்.

"முந்தி ஒண்டும் இல்ல. இப்ப நாலு இலக்கம் போட்டிரிக்காள்.
ஒளிக்க ஒண்டும் இல்லாட்டி
என்னத்துக்குப் பூட்டு?"

நல்ல கேள்விதான் ஐயா.
பிழையென்று சொல்ல எனக்கு வயதும் இல்லை.
உங்கள் வீட்டுப் படலைக்குக் கொக்கி இருக்கா?
"இரிக்கு."
உள்ளே என்ன ஒளித்திருக்கிறீர்கள்?
"மாடு வரும் தம்பி, தோட்டத்துக்க."
மாடு அவளுக்கும் வரும்தானே ஐயா,
பஸ்ஸில், தையல் லைனில்,
சில நேரம் சுப்பவைசர் ஐடி கார்ட் போட்டுக்கொண்டு.

அவர் சிரிக்கவில்லை.
கண்ணாடி மேசையில் போனைக் கவிழ்த்து வைத்து
பூனையின் காதை நகத்தால் சுரண்டினார்.

போன வருடம் ஒருவர் வந்தார்.
மனைவியின் போன் என்றார். கேட்டதைச் செய்து கொடுத்தேன்.
ஆறு நிமிட வேலை. மிச்சக் காசுக்கும் நிற்கவில்லை.
பிறகு என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது.
அந்தத் தெரியாததுதான்
இன்றுவரை என்னைக் கேள்வி கேட்க வைக்கிறது.

மூத்ததம்பி அந்த ஆள் இல்லை.
அதைக் காண எனக்கு நேரமெடுத்தது.
என் தலைக்குள் ஏற்கெனவே ஒரு கதை ஓடியது:
பொடியன், தகப்பன், தடி.
ஆரும் பொடியன் என்று நினைக்கிறீங்களா ஐயா,
இருந்தால்தான் என்ன, இருபத்துநாலு வயது,
என்று நான் பாதி பேசிக்கொண்டிருக்கையில்
கையைத் தூக்கினார்.

"பொடியன் இருந்தா நல்லம்.
நான் பார்க்க வந்தது அதில்ல.
தாய் குவைத்துக்குப் போனதுக்குப் பிறகு
புள்ள என்னோட கதைக்கிறது குறைவு.
என்ட நம்பரை
என்ன பேரில போட்டிரிக்காள் எண்டு
ஒருக்காப் பார்க்க வேணும்."

வெளியே கல்முனை பஸ் ஹோர்ன் அடித்துப் போனது.
எடுத்து வைத்த கேபிளைச் சுருட்டி
டப்பாவுக்குள் போட்டேன்.

அதற்குத் திறக்கவே தேவையில்லை ஐயா.
உங்கள் போனிலிருந்து இதற்கு எடுங்கள்.
பூட்டிய திரையிலும் பெயர் விழும்.
காசும் இல்லை.

பட்டன் போனை எடுத்தார்.
பெருவிரல் பச்சைக்கு மேல் நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
"வேற பேர் இருந்தா?"

என் அப்பாவின் நம்பரை நான்
'வீடு பழசு' என்று போட்டிருக்கிறேன்.
கோபம் ஒன்றுமில்லை. புது சிம் வாங்கிய நாளில்
மாற்றப் பஞ்சிப்பட்டது, அப்படியே கிடக்கிறது.
அதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
"அப்ப நீ அவருக்கு எடுக்கிறியா?"

சில ஞாயிற்றுக்கிழமைகளில், என்றேன்.
கணக்கு அதைவிடக் குறைவு.

இரண்டு போனையும் மடியில் செருகிக்கொண்டார்.
எழும்பியவர் சுவரைப் பார்த்து நின்றார்.
பன்னிரண்டு உறைகள் தொங்கின.
"பூனைக்குக் காது தேய்ஞ்சு போச்சு.
புதுசு ஒண்டு எடுத்தா என்ன?"

எந்த நிறம் பிடிக்கும் அவளுக்கு?

வாயைத் திறந்தார். மூடினார்.
"கேட்டுட்டு வாறன்."

அன்றைக்கு வியாபாரம் ஒன்றும் பெரிதாக இல்லை.
சிவப்பு நோட்டீஸ் இன்னும் லாச்சியில்.