பன்னிரண்டரை மில்லிமீட்டர்

இரண்டு அலுமினியத் தகடுகள்.
ஒன்றின் நுனிமேல் இன்னொன்று ஏறி நிற்கும் நீளம்
பன்னிரண்டரை மில்லிமீட்டர்.
நடுவில் எப்பாக்ஸி,
தலைமயிர் இரண்டைச் சேர்த்து வைத்த கனம்.
மூன்று வருடமாக என் தூக்கம், உதவித்தொகை,
சின்ன அத்தையின் காலை வணக்கங்களுக்கு
பதில் போடாத பாவம்
எல்லாம் அந்த இடுக்கில்தான்.

செக்காலை மாடி அறையில்
கணினி இரவெல்லாம் மூச்சு வாங்குகிறது.
பசையைக் கட்டம் கட்டமாக நறுக்கியிருக்கிறேன்,
ஓரங்களில் பொடியாக, நடுவில் பெரிதாக.
இழுத்தால் முழுப் பசையும் சமமாய்த் தாங்கும் என்று
நம்பித்தான் இந்த வேலையில் சேர்ந்தேன்.
இல்லை.
நுனிகள் இரண்டும் சிவப்பில் அலறும்.
நடுப்பகுதி,
கல்யாண வீட்டில் நாற்காலி தேடிப் போட்டுக்கொண்டு
யோசனை மட்டும் சொல்கிற பங்காளி மாதிரி
நீலமாய்ச் சும்மா கிடக்கும்.
ஒட்டும் நீளத்தைக் கூட்டிப் பார்த்தேன்.
பங்காளிகள்தான் கூடினார்கள்.

இன்னொன்று:
தகடுகள் ஒரே கோட்டில் இல்லை.
நாம் இழுப்பது நேர்தான், மூட்டு வளைகிறது.
சறுக்கிப் பிரிய வேண்டியது
ஓரத்தில் உரியத் தொடங்குகிறது,
நனைந்த உறையில் தபால்தலை போல.

நாற்பத்தோராம் படியில்
தீர்வு குவியவில்லை என்று நின்றது.
படியைப் பாதியாக்கினேன். அதையும் பாதி.
கொஞ்சம் செயற்கைப் பிசுபிசுப்பு சேர்த்தேன்
(எல்லோரும் சேர்ப்பார்கள்,
கட்டுரையில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்).
கழனிவாசல் பக்கம் முதல் பஸ் போகும் சத்தத்தில்
எண் வந்தது: பதினெட்டு மெகாபாஸ்கல்.

ஆய்வகத்தில் அடைக்கலமேரி
ஏழாம் மாதிரியை இயந்திரத்தின் தாடைக்குக் கொடுத்தாள்.
பதினொன்றில் போய்விட்டது.
பெரிய சத்தம்கூட இல்லை,
ஜியோமெட்ரி பாக்ஸ் மூடுகிற மாதிரி ஒரு 'டக்'.

உடைந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினோம்.
பசை கிழிந்தால் இரு பக்கமும் சாம்பல் நிற்கும்.
நின்றது. ஒரு மூலை தவிர.
அங்கே தகடு பளபளவென்று,
யாரும் வந்து தொடாத மாதிரி.
அதற்குள் சுழி சுழியாய்
ஒரு கட்டைவிரல்.

"யாரோடது?"
கேட்டாளே தவிர கையை நீட்டச் சொல்லவில்லை.
அன்று திங்கட்கிழமை. முதல்நாள் கோட்டையூரில் காதுகுத்து.
அசிட்டோனில் துடைத்த பிறகு, பசை தடவுமுன்,
காகிதத்தில் மடித்த கந்தரப்பத்தைப்
பங்கு போட்டவள் நான்.

இரவு உள்ளீட்டுக் கோப்பைத் திறந்தேன்.
யங் குணகம் உண்டு, பாய்ஸான் விகிதம் உண்டு,
சறுக்குக்கு ஒன்று உரிதலுக்கு ஒன்று என
முறிவாற்றல் இரண்டு உண்டு.
எண்ணெய் விரலுக்கு வரி இல்லை.
மூலையில் முப்பத்தாறு கட்டங்களைத் தேர்ந்தெடுத்து
அவற்றின் ஒட்டை அழித்தேன்.
போதவில்லை. இன்னும் இருபது.
போதவில்லை. கைமுழுதும் வைத்துவிட்ட அளவுக்கு
அழித்த பிறகு
பதினொன்று புள்ளி மூன்று.

பொருந்தியது என்று எழுதினேன்.
பொருத்தினேன் என்று அடித்துத் திருத்தினேன்.
மறுபடி அடித்துவிட்டு
வரைபடத்தை மேரிக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடம் கழித்துப் பதில்:
"எட்டாம் நம்பரும் பதினொண்ணுலதான் போச்சு.
ரெண்டு பக்கமும் சாம்பல். ரேகை எதுவும் இல்ல."

இருக்கையிலிருந்து எழுந்தேன், உட்கார்ந்தேன்.
ஏழும் எட்டும் ஒரே கிண்ணத்தில் கலந்தவை.
கலந்தபின் நாற்பது நிமிடம் தாங்கும் என்று
டப்பாவில் அச்சிட்டவனுக்கு
சித்திரை மாதக் காரைக்குடி தெரியாது.
அன்றைக்கு மணி இரண்டு. கரண்ட் இல்லை.
கந்தரப்பத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம்?

திரையில் நுனிகள் இரண்டும்
இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன.